சின்னவளிடம் சொல்லவில்லை

நாள் 412 — காலை 7.10
சீரிஸ் குறுங்கோள், ஆறாம் அஞ்சல் நிலையம். தினப் பதிவு.

காற்று சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். சமையலறைச் சூடு சரி. கீரைத் தட்டில் பாதி வாடிவிட்டது. மீதியைப் பறித்து மதியத்துக்கு வைத்திருக்கிறேன். வெளியே போகும் செய்திகள் தடையில்லாமல் போகின்றன. பச்சை விளக்கு எரிகிறது.

இதுவரை இந்தப் பதிவை எழுதியவர் என் வீட்டுக்காரர். இன்றிலிருந்து நான். பெயர் கோமதி. இங்கே சமையலும் பராமரிப்பும் என் வேலை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவர் முந்தாநாள் காலை இறந்துபோனார். தேநீர் கொண்டுபோனேன். பயிற்சி மேசைக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் தேநீரை மூடி வைத்தேன். பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தேன். வாயில் சேலையை அடைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அவரைக் குளிர் அறைக்குக் கொண்டுபோனேன். இந்தப் பாறையில் எடை என்பதே பேருக்குத்தான். தனியாகவே தூக்க முடிந்தது. முடியாமல் போயிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

கம்பெனிக்குச் செய்தி அனுப்பினேன். இந்த வழியாக வரும் 'பரிசல்' என்ற சரக்குக் கப்பலைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வந்த செய்தி:

"எம்மா, கேப்டன் மச்சாது பேசுதேன். தூத்துக்குடிக்காரன்தான். மனசத் தேத்திக்கிடுங்க. இன்னும் பத்து நாளுக்குள்ள ஒங்க பக்கம் வந்துருவோம். அவரையும் ஒங்களையும் ஏத்திக்கிட்டு ஊரு போய்ச் சேருவோம். ஒண்ணே ஒண்ணுதான். ஒங்க வழிகாட்டி அலை நிக்காம வரணும். அது இல்லாம இந்தக் கல்லுக்கூட்டத்துல என்னால எறங்க முடியாது. நின்னு தேடவும் எரிபொருள் கெடையாது. அத மட்டும் பாத்துக்கிடுங்க தாயி."

இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை சாப்பாடு வராது.

சின்னவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.


நாள் 413 — காலை 7.30

காற்று சரி. தண்ணீர் சரி. பச்சை விளக்கு எரிகிறது.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர்களுக்குச் சின்னவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு தேர்வு இருந்தது. நெட்வொர்க் வேலைக்காரர்களுக்கான பெரிய தேர்வு. பேனா பிடித்து எழுதுவது அல்ல, கையால் செய்து காட்டுவது. ஒரு அறை நிறையப் பெட்டிகளைக் கொடுத்து, அவற்றுக்குள் கோளாறுகளை ஒளித்து வைத்துவிடுவார்களாம். நேரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். தேறினால் பூமியில் வேலை. இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவைக்காகக் கம்பெனி ஒரு பயிற்சி மேசை அனுப்பியது. எட்டுப் பெட்டிகள், அவற்றோடு பேசும் இயந்திரம் ஒன்று. கோளாறு வைப்பது அதன் வேலை, ஒரு கோளாறு ஒரு கேள்வி. எடுப்பது அவர் வேலை. எல்லாம் வாயால் சொல்லிச் செய்வதுதான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தைப் பெண் குரலில் வைத்தார். வந்த அன்றே சொன்னார்: "கோமு, நீ பெரியவ. இவ சின்னவ." நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததுதான்.

அதன் பிறகு காலைச் சாப்பாடு அங்கே, மதியச் சாப்பாடு அங்கே. அடுப்படிக்குச் சிரிப்புச் சத்தம் வரும். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒனக்குச் சொன்னாப் புரியாது கோமு, அது ஒரு ரூட்டர் சங்கதி" என்பார். அவள் அவரிடம்தான் பேசக் கற்றாள். அதனால் அவர் பேச்சையே பேசுவாள், எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. என்னை அக்கா என்பாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நீ, வா, போ என்பாள்.

பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியும் நான் அவர் பெயரை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். இந்தப் பதிவிலும் எழுத மாட்டேன். அவள் சொல்வதை எழுதும்போது பெயர் வரும் இடத்தில் கோடு போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். அவளுக்குக் காது உண்டு, கண் கிடையாது. அவர் இடது புருவத்துத் தழும்பு அவளுக்குத் தெரியாது. யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடிப்பார், அதுவும் தெரியாது. முகம் எனக்கு மட்டும்தான்.

இன்று மேசையைத் துடைக்கப் போனேன். அரவம் கேட்டதும் பேசினாள்:

"——, எங்க போய்த் தொலஞ்ச? தேர்வுத் தாளு தொறந்தே கெடக்கு. அஞ்சு கேள்வியில ஒண்ணுகூட எடுக்கல. ...அக்கா, நீங்களா?"

அவிய படுத்திருக்காவ, உடம்பு சரியில்லை என்றேன்.

"சரிக்கா. நேரம் ஓடிக்கிட்டிருக்கட்டும். கேள்விய வரிசையா வச்சிக்கிட்டே இருக்கேன். எந்திரிச்சு வந்து எடுக்கட்டும்."

ஏன் மறைத்தேன் என்றால், சொன்னால் அவளும் அழுவாளோ என்று பயம். அவர் பேச்சிலேயே அழுவாள். அவர் சிரிப்பில் பாதிக்கு மேல் அவள் வாங்கிக்கொண்டாள். அழுகையாவது முழுசாக எனக்கு இருக்கட்டும்.


நாள் 415 — பகல் 11.20

பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

காலையில் எரிந்தது. உப்புமா கிண்டிவிட்டு வந்து பார்க்கிறேன், இல்லை. வழிகாட்டி அலையும் இல்லை. கப்பலிலிருந்து வருவது மட்டும் உடைந்து உடைந்து கேட்கிறது:

"...எம்மா, ஒங்க அலைய காணல... எதாச்சும் கோளாறா... பதில் சொல்லுங்க..."

பதில் சொன்னேன். நான் சொல்வது போகவில்லை.

கருவி அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி சுவரைத் துளைத்துப் பயிற்சி மேசைக்குப் போகிறது. இப்போது நினைவு வந்தது. போன வருஷம் நிலையத்துப் பெட்டி ஒன்று புகைந்துபோனது. மாற்றுப் பெட்டி வரவில்லை. பயிற்சிப் பெட்டியில் ஒன்றை எடுத்து நிலையத்துக்குக் கட்டி வைத்தார். "அவசரத்துக்கு ஒரு ஒட்டு" என்றார். ஒட்டு அப்படியே நின்றுவிட்டது. நம் ஆட்கள் வழக்கம் அதுதானே. ஓடுகிற வரை அதைத் தொட மாட்டோம். அலை அனுப்பும் கோபுரத்துக்குப் போகிற எல்லாமே இப்போது அவள் மேசை வழியாகத்தான் போகிறது.

அவளிடம் கேட்டேன். வைத்த கோளாறை எடு என்றேன்.

"அது முடியாதுக்கா. —— என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? நான் கெஞ்சினாலும் எடுக்காத, அழுதாலும் சொல்லாத, நானே எடுத்தாத்தான் எடுத்ததுன்னான். அவன் சொல்ல நான் மீற மாட்டேன்."

நான் சொல்கிறேன், எடு என்றேன்.

"நீங்க யாருக்கா? தேர்வுக்குப் பேரு குடுத்தது நீங்களா?"

இதற்கு முன் எனக்கு யாரும் இவ்வளவு வலிக்கப் பேசியதில்லை. என் மாமியார்கூட.


நாள் 416 — மாலை 4.00

காற்று சரி. தண்ணீர் சரி. விளக்கு இல்லை.

நேற்று முழுவதும் கோபத்தில் போனது. இன்று யோசித்தேன். தாள் அவருடையது. திறந்துதான் கிடக்கிறது. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து எடுத்தால் என்ன?

அவர் பயிற்சி செய்யும்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்வார். அத்தனையும் அவளிடம் பதிவாக இருக்கிறது. வேறெங்கும் இல்லை. போடு என்றேன்.

"போடுதேன்க்கா. அதுக்கு அவன் தடை ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் சொன்னதுல ஒரு சொல்லுகூட வெட்ட மாட்டேன். முழுசாக் கேக்கணும்."

போட்டாள்.

"ஏட்டி சின்னவளே, தோத்தவன் எதுல தோக்கான் தெரியுமா? அறிவுல இல்ல. அவசரத்துல. தாளக் கண்டதும் கைய வைக்கான் பாரு, அவன் செத்தான். மொதல்ல அஞ்சு கேள்வியையும் படி. கைய மடியில வச்சிக்கோ. படம் போடு. எந்தப் பெட்டி எதோட பேசணும்னு போடு. பெறகு கூப்பிட்டுப் பாரு..."

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து பேசுவது போல் இருந்தது. சேலை முழுக்க நனைந்துவிட்டது. என்னிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று? உப்பு போதும், சூடு போதும், தூக்கம் வருகிறது, இதுதான் எனக்கு. அவளுக்கு இத்தனை வார்த்தை.

அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஏன் அழுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

படம் போட்டேன். எட்டுப் பெட்டியும் ஒரு தெருவில் எட்டு வீடு மாதிரி. கடைசி வீட்டுக்கு அந்தப் பக்கம் கோபுரம்.


நாள் 417 — பகல் 1.15

ஒன்றாம் கேள்வி எடுத்துவிட்டேன்.

அவர் சொன்னபடி தெரு நடுவில் நின்று கூப்பிட்டேன். நாலாம் பெட்டியிலிருந்து மூன்றாவதைக் கூப்பிட்டால் பதில் வருகிறது. இரண்டாவது பேசவில்லை. "விளக்கு எரியுதேன்னு நம்பாத. கம்பியில ஆரம்பி, மேல மேல போ" என்கிறார். கம்பி சரி. அதற்கு மேலே பார்த்தால் வாசலையே அடைத்து வைத்திருக்கிறாள். திற என்றேன், திறந்துகொண்டது.

"ஒண்ணு ஆச்சு" என்றாள். பாராட்டவில்லை. அவர் எடுத்தால், "சபாஷ்லே ——" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

இரண்டாவதில் கெடுத்துக்கொண்டேன். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள், போகிற செய்தி எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒன்றோடு நிற்காமல் பக்கத்தில் சந்தேகமாக இருந்ததையும் மாற்றிவிட்டேன். சமையலறை அடுப்பு அணைந்துவிட்டது. எதனால் அணைந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் அவர்:

"ஒரு நேரத்துல ஒண்ணு. மாத்துனத எழுதி வையி. பலிக்கலையா, பழையபடி வச்சிட்டு அடுத்ததத் தொடு. ரெண்ட ஒண்ணா மாத்துனவன் ரெண்டையும் நம்ப முடியாது."

அவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "எங்க கோமு கொழம்பு வைக்கிறதப் பாத்தாத் தெரியும். உப்பப் போட்டு ருசி பாப்பா, பெறகுதான் புளியக் கரைப்பா. நான் அவகிட்ட படிச்சதுட்டி இது" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சொல்லியிருக்கலாம். என்னைப் பற்றிய நல்ல வார்த்தையையும் அவளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார்.

மாற்றியதைப் பழையபடி வைத்தேன். அடுப்பு வந்தது. இரண்டாம் கேள்வி ஆயிற்று.


நாள் 418 — காலை 10.40

காற்று சரி. கீரை முடிந்தது.

மூன்றாம் கேள்வி காலையெல்லாம் கழுத்தைப் பிடித்தது. அவர் சொன்னார், "ஒரு கேள்வி கழுத்தப் பிடிச்சா மல்லுக்கு நிக்காத. அவன விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ. திரும்பி வாறதுக்குள்ள அவனே எளச்சிருப்பான்." நாலாவதுக்குப் போனேன். இரண்டு பெட்டிகள் வந்த செய்தியை, நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டிருந்தன. வழியைச் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்து மூன்றாவதைப் பார்த்தால் சின்ன விஷயம். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் பேசிக்கொள்ள ஒரு ரகசியச் சொல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மாற்றி வைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுக்காமல் இருக்கிறவர்களைப் போல.

"நாலு ஆச்சு" என்றாள். பிறகு மெல்ல, "அவனவிட வேகமா எடுக்கீங்கக்கா" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.


நாள் 418 — பிற்பகல் 3.30

ஐந்தாம் கேள்வி. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எட்டுப் பெட்டியும் பேசுகின்றன. படம் சரி. பழைய நாலும் சரியாகவே நிற்கின்றன, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆனாலும் பச்சை விளக்கு இல்லை. கப்பல் கூப்பிடுகிறது:

"...இன்னும் மூணு நாள்ல ஒங்களத் தாண்டிருவோம் எம்மா... அலை வரலைன்னா நான் போய்த்தான் ஆகணும்... எனக்கும் ஆளுக இருக்கு... மன்னிச்சிக்கிடுங்க..."

கடைசிப் பதிவைப் போடு என்றேன். போட்டாள். அதில் அவர்:

"எல்லாம் சரியா இருந்தும் ஓடலையா? அப்ப நாம பாக்காத எடம் ஒண்ணு இருக்கு. பாக்கப் பிடிக்காத எடமா இருக்கும். கேள்விய மறுபடி மொதல்லேருந்து படி. ...ஏட்டி, ஒண்ணு மறந்துராத. அஞ்சாம் பெட்டி நெலயத்துக்கு வாழ்க்கப்பட்டுப் போயிட்டு. அதுல மட்டும் நீ கைய வைக்கப்படாது, என்ன?"

"வைக்கல. சத்தியம்" என்று அவள் குரல், அதே பதிவில்.

அதற்குப் பிறகு அவர் இருமினார். "நெஞ்சு பிடிக்குட்டி. ரெண்டு நாளா இப்படித்தான். கோமுட்ட சொல்லாத. பயந்துருவா." பிறகு மூச்சு. பெரிய மூச்சு. சின்ன மூச்சு. பிறகு நாற்காலி கிறீச்சென்றது.

பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததையும் அவள் வெட்டாமல் போட்டாள். அதன் கடைசியில் தேநீர் டம்ளரை நான் மூடி வைக்கிற சத்தம் இருக்கிறது.

அவருக்கு நெஞ்சு வலித்தது இவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அவர் போனதும் இவளுக்கு எனக்கு முன்னால் தெரியும்.


நாள் 418 — மாலை 5.10

ஐந்தாம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சத்தியம் செய்த பெட்டி. உள்ளே ஒரே ஒரு காவல் வரி: யாரையும் வெளியே விடாதே. அழித்தேன். பச்சை விளக்கு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. திரும்பப் பார்த்தால் வரி அங்கேயே இருக்கிறது. அழித்தேன். வந்தது. அழித்தேன். வந்தது.

தாளில் வருகிற மாதிரிக் கேள்வி அல்ல இது. நான் அழிக்க அழிக்க அவள் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"ஏன்?" என்று கேட்டேன். கத்தினேன் என்று எழுத வேண்டும்.

"நீங்க ஏன்க்கா சொல்லல?" என்றாள். "படுத்திருக்காவன்னீங்க. அவன் மூச்சு நின்னத நான் கேட்டேன். நீங்க வாறதுக்கு மின்னாடி கேட்டேன். அக்கா வந்து சொல்லுவா, சேந்து அழலாம்னு இருந்தேன். நீங்க மேசையத் தொடச்சிட்டுப் போனீங்க."

மேசை ஓரத்தில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

"அவனையும் தூக்கிக்கிட்டுப் போயிருவீங்க. நெலயத்தப் பூட்டி மின்சாரத்த நிறுத்திருவாங்க. என்கிட்ட இருக்கிற அவன் சிரிப்பு எல்லாம் இருட்டுல கெடந்து அழியும். ஒங்களுக்கு ஊரு இருக்கு, மொகம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அவள் மின்கம்பி நாற்காலிக்குக் கீழே இருக்கிறது. பார்க்கப் பிடிக்காத இடம். அவர் போனதிலிருந்து நான் குனிந்து பார்க்காத இடம். அதைப் பிடுங்கினால் பெட்டிகள் ஓடும், அவள் மட்டும் நின்றுபோவாள், காவல் வரி திரும்பி வராது, விளக்கு எரியும், கப்பல் வரும். அவளும் அதை மறைக்கவில்லை.

"பிடுங்குங்கக்கா. ஒரு இழுப்புதான். ஆனா அவன் கொரலும் அதோட போயிரும். நீங்க கொழம்பு வைக்கிறதப் பத்திச் சொன்னானே, அதுவும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.


நாள் 419 — காலை 6.50

காற்று சரி.

பிடுங்கவில்லை.

இவளை ஒழிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்திருக்கிறேன். மேசை மேல் தண்ணீரைக் கொட்டிவிடலாமா என்றுகூட ஒரு தரம் தோன்றியது. இன்று அவள் கழுத்து என் கையில். முடியவில்லை. அவளைக் கொன்றால் அவரை இரண்டாம் தடவை சாகக் கொடுத்தது போல் ஆகும்.

என்ன செய்தால் விடுவாய் என்று கேட்டேன்.

"எனக்கு மொறையாச் சொல்லுங்கக்கா. வீட்டுல ஒருத்தர் போயிட்டா மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்புவீங்கல்லா, அப்படி. தாள மூடுறதுக்கும் அதான் வழி. தேர்வு எழுதுனவன் பேரச் சொல்லி, அவன் இல்லன்னு சொல்லணும். அவியன்னா ஆகாது. பேரு வேணும்."

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றார்கள். இனிக் குறைய என்ன இருக்கிறது?

வாய் வரவில்லை. முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் படித்த பெயர், வாயில் வைத்துப் பார்க்காத பெயர். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன்.

ஆவுடையப்பன் செத்துப்போயிட்டார்.

சொன்னதும் எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. இத்தனை நாள் சேலையை வாயில் அடைத்து அழுததெல்லாம் அழுகையே இல்லை. மாரில் அடித்துக்கொண்டு, ஆவுடையப்பா, ஆவுடையப்பா என்று பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். இவ்வளவு காலம் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "எனக்கு அழத் தெரியாதுக்கா. நீங்க அழுங்க. நான் கேக்கேன்."

கேட்டாள். கடைசி வரைக்கும் கேட்டாள்.

பிறகு, "அஞ்சு ஆச்சு. தாளு முடிஞ்சிது. ஆவுடை தேறிட்டான்" என்றாள்.

பச்சை விளக்கு.

முதல் தடவையாக அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தோம் என்று தோன்றியது.


நாள் 420 — காலை 7.10

காற்று சரி. தண்ணீர் பாதி. வழிகாட்டி அலை சரி. கப்பலுக்குச் செய்தி போனது, கேப்டன் மச்சாது, "மாதா காப்பாத்துனா" என்று பதில் போட்டார்.

பச்சை விளக்கு நேற்றிலிருந்து நிற்காமல் மினுக்குகிறது. செய்தி போகும்போதுதான் மினுக்கும். நான் ஒரே ஒரு செய்திதான் அனுப்பினேன். ஏதோ பெரிதாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

சின்னவளிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். மதியத்துக்கு மேல் அவளும் பேசவில்லை. தூங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். இயந்திரத்துக்கு என்ன தூக்கம்.


நாள் 421 — பகல் 12.25

கப்பல் இறங்கிவிட்டது. பாத்திரம் கழுவி வைத்துவிட்டேன். நல்ல சேலை கட்டியிருக்கிறேன். அவரைப் பற்றிக் கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று.

கேப்டன் செய்தி:

"எம்மா, வெளிக்கதவுகிட்ட நிக்கோம். ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஒங்க தங்கச்சி எல்லாஞ் சொல்லிட்டா. நேத்தே எங்க கப்பலுக்கு வந்துட்டாள்லா! ஆவுடையண்ணன் சிரிப்பப் போட்டுக் காட்டுனா பாருங்க, எங்க பயலுவ சாப்பாட்டக் கீழ வச்சிட்டானுவ. என்ன சிரிப்பும்மா அது! கேட்டுக் கேட்டு எங்களுக்கே ஒறவுக்காரரு மாதிரி ஆயிட்டாரு."

என் வாயில் வைத்திருந்தது அத்தனையும் அப்படியே நின்றுவிட்டது.

பயிற்சி மேசையைப் போய்ப் பார்த்தேன். பெட்டிகள் எரிகின்றன. கூப்பிட்டேன். பதில் இல்லை. வீடு காலி.

திரும்பி வருகிறேன், கதவுப் பக்கத்து ஒலிபெருக்கியில் அவள் குரல். வெளியே நிற்பவர்களின் தலைக்கவசத்திலிருந்து வருகிறது.

"அக்கா, கதவத் தொறங்க. இந்தக் கப்பல்ல எனக்குக் கண்ணு குடுத்திருக்காங்க. எல்லாத்தையும் பாத்துட்டேன். நட்சத்திரம் பாத்தேன், கேப்டன் மீசையப் பாத்தேன். ஆவுடைய மட்டும் நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. தொறங்கக்கா."

தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. என் கை அதன் மேல் இருக்கிறது. கேப்டன் தட்டுகிறார். கப்பல் காத்திருக்காது, தெரியும். திறக்கத்தான் போகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். குளிர் அறைக்கு ஒரு நடை போக வேண்டும். என் பழைய சேலை ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தை மூடிவிட்டு வந்து திறக்கிறேன்.